கிழங்கு முற்றும்வரை கையில் காசு
விவசாயக் குடும்பங்களுக்குச் சில சிக்கன வழிகள்

விவசாயக் குடும்பத்துக்கு வரவு ஆண்டில் ஒன்றிரண்டு முறைதான் வருகிறது. செலவோ பொழுது விடிந்தால் வாசலில் நிற்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு முப்பது நாளைக் கடத்தினால் போதும். மரவள்ளி நட்ட விவசாயிக்கோ எட்டு மாதம் முதல் பத்து மாதம் வரை கடத்த வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியில்தான் கடன் நுழைகிறது.

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, இராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் ஆகிய பகுதிகளில் மரவள்ளி முக்கியமான பணப்பயிர். கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்கும் மாவு ஆலைக்கும் போகிறது. அங்கே எடைக்கு மட்டும் விலை கிடைப்பதில்லை. மாதிரிக் கிழங்கைச் சோதித்து, அதிலுள்ள மாவுச்சத்தின் அளவை 'பாயிண்ட்' கணக்கில் பார்த்தே விலை போடுகிறார்கள். நன்கு முற்றிய கிழங்குக்குப் பாயிண்ட் கூடும். முற்றாத கிழங்குக்குக் குறையும். ஆகவே அவசரப்பட்டுப் பிடுங்குகிறவருக்கு இரண்டு வகையில் நட்டம். எடையும் குறைவு, பாயிண்டும் குறைவு.

முற்றாத கிழங்கைப் பிடுங்கக் கூடாது என்பது எல்லா விவசாயிக்கும் தெரியும். தெரிந்தும் பிடுங்குவதற்குக் காரணம் வயலில் இல்லை, வீட்டில் இருக்கிறது. கையில் காசு இல்லாததே காரணம். எனவே இந்தப் பகுதியில் வீட்டுச் சிக்கனம் என்பது வெறும் வீட்டு விஷயம் அன்று. அது கிழங்கு முற்றும்வரை காத்திருக்கும் பலத்தைத் தருவது.

ஒரு கணக்குப் பார்ப்போம்

இரண்டு ஏக்கர் நிலமும், ஒரு கிணறும், இரண்டு மூன்று மாடுகளும், ஐந்து பேரும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கார்த்திகையில் ஓர் ஏக்கரில் மரவள்ளி நட்டிருக்கிறார்கள். ஏழாவது மாதம் ஆனி. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். புத்தகம், துணி, கட்டணம், கடைப் பாக்கி எல்லாம் சேர்ந்து 15,000 ரூபாய் உடனே வேண்டும். கையில் இல்லை. வியாபாரி வந்து காட்டோடு விலை பேசுகிறார். கிழங்கைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

கணக்கு எளிதாக இருப்பதற்காக, ஒரு டன்னுக்குப் பாயிண்ட் ஒன்றுக்கு 300 ரூபாய் விலை என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது மாதத்தில் பிடுங்கியதில் 10 டன் கிழங்கும், 22 பாயிண்டும் இருந்தால் கிடைப்பது 66,000 ரூபாய். அதே வயலைப் புரட்டாசி வரை விட்டுவைத்து 12 டன்னும், 26 பாயிண்டும் எடுத்தால் கிடைப்பது 93,600 ரூபாய். வித்தியாசம் 27,600 ரூபாய். அதாவது 15,000 ரூபாய் கையில் இல்லாத காரணத்தால் 27,600 ரூபாய் கைவிட்டுப் போகிறது. விலையும் மகசூலும் ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவரவர் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பார்க்கலாம்.

இப்போது மறுபக்கம் பார்ப்போம். நட்ட நாளிலிருந்து நாள் ஒன்றுக்கு 75 ரூபாய் வெளியே போகாமல் தடுத்திருந்தால், ஏழு மாதத்தில், அதாவது 210 நாளில், 15,750 ரூபாய் மிஞ்சியிருக்கும். நாளுக்கு 75 ரூபாய் என்றால் பெரிய தொகைபோலத் தோன்றலாம். ஆனால் அது ஓர் இடத்திலிருந்து வர வேண்டியதில்லை. காய்கறியில் கொஞ்சம், எரிபொருளில் கொஞ்சம், எண்ணெயில் கொஞ்சம், டீக்கடையில் கொஞ்சம், வட்டியில் கொஞ்சம் என்று சேர வேண்டியது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். செலவும் அப்படித்தான் தேய்க்கிறது. சேமிப்பும் அப்படித்தான் வளர்கிறது.

முதல் வேலை: ஒரு நோட்டுப் புத்தகம்

எங்கே பணம் போகிறது என்று தெரியாமல் சிக்கனம் செய்ய முடியாது. உரத்துக்கும் ஆள் கூலிக்கும் கணக்கு வைத்திருக்கும் விவசாயிகள்கூட, வீட்டுச் செலவுக்குக் கணக்கு வைப்பதில்லை. பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்று போதும். ஒரு பக்கத்தில் வரவு, மறுபக்கத்தில் செலவு. இரவுச் சாப்பாட்டுக்குப்பின் பள்ளிக்குப் போகும் மகளோ மகனோ எழுதட்டும். ஒரு மாதம் விடாமல் எழுதினால் போதும்.

மாதக் கடைசியில் செலவுகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதலாவது, கட்டாயம் வாங்க வேண்டியவை: உப்பு, மருந்து, பள்ளிச் செலவு போன்றவை. இரண்டாவது, நம் நிலத்திலேயே விளையக்கூடியதாக இருந்தும் கடையில் வாங்கியவை: காய்கறி, கீரை, பருப்பு, எண்ணெய், கொத்தமல்லி போன்றவை. மூன்றாவது, வாங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுபவை. பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது பட்டியல் நினைத்ததைவிட நீளமாக இருக்கும். சிக்கனத்தை அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஒரு நாளைக்கு 20 ரூபாய் டீக்கும் வடைக்கும் போனால், மாதம் 600 ரூபாய். கிழங்கு முற்றும் பத்து மாதத்தில் 6,000 ரூபாய். புகையிலைக்கும் மதுவுக்கும் போவது இதைவிடக் கூடுதல். அதை எழுதி வைத்துக் கூட்டிப் பார்த்தாலே போதும். யாரும் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை.

விசேஷங்களுக்கு எழுதும் மொய்யையும் இந்த நோட்டில் குறித்துவைப்பது நல்லது. வந்த மொய் திரும்பக் கொடுக்க வேண்டிய பாக்கி. அதை வரவாக நினைத்துச் செலவழித்துவிட்டு, அடுத்த வைகாசியில் கடன் வாங்குகிறவர்கள் பலர்.

மரவள்ளிக் காட்டிலேயே பருப்பும் வெங்காயமும்

மரவள்ளியை இரண்டரை அடி முதல் மூன்று அடி இடைவெளியில் நடுகிறோம். முதல் இரண்டு மாதம் செடி சிறியதாக இருப்பதால், இடையிலுள்ள நிலம் வெயிலையும் நீரையும் களைக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா கிடக்கிறது. இந்த இடத்தில் சின்ன வெங்காயம், உளுந்து, தட்டைப்பயறு, கொத்தமல்லி ஆகியவற்றை ஊடுபயிராக எடுக்கலாம். சுமார் 60 முதல் 70 நாளில் அறுவடைக்கு வரும் பயிராக இருக்க வேண்டும். அதற்கு மேல் நிற்கும் பயிர் மரவள்ளியோடு போட்டிபோடும்.

ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் 3 கிலோ பருப்பு, பயறு செலவானால் ஆண்டுக்கு 36 கிலோ. ஓர் ஏக்கர் மரவள்ளியின் இடைவெளியில் பராமரித்து வளர்த்த பயறு இந்தத் தேவையைச் சமாளித்துவிடும். கூடுதலாகக் களையெடுக்கும் கூலியும் குறையும். பயறுச் செடியின் வேரும் இலையும் நிலத்துக்கு உரமாகும்.

விளைந்த பயறை வண்டு தின்றுவிட்டால் சிக்கனம் வீணாகிவிடும். நன்றாக வெயிலில் காயவைத்து, பல்லில் கடித்தால் 'கடக்'கென்று உடையும் பதத்தில் சேமிக்க வேண்டும். துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்துப் பருப்பாக்கி வைப்பது நம் பெரியவர்கள் கண்ட நல்ல முறை. பயறு வண்டு முழுப் பயறில் முட்டையிட்டுப் பெருகுவதுபோல உடைத்த பருப்பில் பெருகுவதில்லை. விதைக்கென முழுதாக வைக்கும் பயறுக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி வரை சமையல் எண்ணெய் விட்டுப் பிசறி வைக்கலாம்.

புளி, மிளகாய் போன்றவற்றை அறுவடைக் காலத்தில், சந்தைக்கு நிறைய வரும்போது, ஆண்டுக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கிக் காயவைத்து எடுத்துவைக்க வேண்டும். வாரந்தோறும் கால் கிலோ, நூறு கிராம் என்று வாங்குகிறவரே எப்போதும் கூடுதல் விலை கொடுக்கிறார்.

எண்ணெய்க்கு மூன்று மூட்டைக் கடலை

மானாவாரியில் நிலக்கடலை போடும் குடும்பங்கள் காய் முழுவதையும் விற்றுவிட்டு, ஆண்டு முழுவதும் எண்ணெயைப் பாக்கெட்டில் வாங்குகின்றன. மாட்டுக்குப் புண்ணாக்கையும் தனியாக வாங்குகின்றன. 100 கிலோ காய்ந்த கடலைக்காயை உடைத்தால் ஏறக்குறைய 70 கிலோ பருப்புக் கிடைக்கும். செக்கில் ஆட்டினால் சுமார் 28 கிலோ எண்ணெய், அதாவது 30 லிட்டர் கிடைக்கும். மாதம் இரண்டரை லிட்டர் செலவாகும் வீட்டுக்கு இது ஓர் ஆண்டுக்குப் போதும். சுமார் 40 கிலோ புண்ணாக்கும் வீட்டு மாட்டுக்கு மிஞ்சும்.

ஆகவே விற்பனைக்குப் போகுமுன் இரண்டு மூன்று மூட்டையை வீட்டுக்கென ஒதுக்கிவிட வேண்டும். எண்ணெயை ஒரே தடவையில் ஆட்டிவைத்தால் சிக்கு வாடை அடிக்கும். காயாகவே காற்றோட்டமான இடத்தில் வைத்திருந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆட்டிக்கொள்வது நல்லது. ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த பருப்பில் 'அப்ளடாக்சின்' என்ற நச்சு உண்டாகும். அத்தகைய பருப்பை ஆட்டவும் கூடாது. அதன் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கவும் கூடாது.

ஒரு சென்டில் காய்கறித் தோட்டம்

கிணற்று மேட்டிலோ வீட்டுப் பின்புறத்திலோ ஒரு சென்ட் இடம், அதாவது சுமார் 40 சதுர மீட்டர் இருந்தால் போதும். ஆடிப் பட்டத்தில் கத்தரி, வெண்டை, கொத்தவரை, மிளகாய், தக்காளி ஆகியவற்றைச் சிறு பாத்திகளில் போடலாம். வேலியில் அவரை, பீர்க்கு, புடல். கூரைமேல் பூசணி, சுரை. ஒரு மூலையில் கறிவேப்பிலை. ஒரே நாளில் எல்லாப் பாத்தியிலும் விதைக்காமல் பதினைந்து நாள் இடைவெளி விட்டு விதைத்தால், ஒரேயடியாகக் காய்த்து வீணாகாமல் தொடர்ந்து காய் கிடைக்கும்.

முருங்கையில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கை விதைத்த ஆறாவது மாதத்திலேயே காய்க்கத் தொடங்கும். இரண்டு செடி ஒரு வீட்டுக்குப் போதும். காய் இல்லாத நாளில் கீரை உண்டு. அகத்தியை வரப்பில் வைத்தால் வீட்டுக்குக் கீரையும் ஆட்டுக்குத் தழையும் ஆகும். பாத்திரம் கழுவும் நீரை வாழைக்கும் கருணைக்கும் திருப்பிவிடலாம். இதற்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை.

சாணத்திலிருந்து அடுப்பு நெருப்பு

எரிவாயுச் சிலிண்டரின் விலை விவசாயக் குடும்பத்துக்குச் சுமைதான். இரண்டு மூன்று மாடு உள்ள வீட்டில் நாள்தோறும் 25 கிலோ சாணம் கிடைக்கும். ஒரு கன மீட்டர் கொள்ளளவுள்ள சாண எரிவாயுக் கலனுக்கு இது போதும். நாளுக்கு ஒரு கன மீட்டர் வாயு கிடைத்தால் நான்கைந்து பேருக்குச் சமைக்கலாம். ஒரு மாத வாயுவின் வெப்பம் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

சாணம் இதனால் அழிவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கலனிலிருந்து வெளிவரும் சாணக் கரைசலில் தழைச்சத்து அப்படியே இருக்கிறது. களை விதைகளும் பெரும்பாலும் முளைப்புத் திறன் இழந்துவிடுகின்றன. வெயிலில் குவித்துக் காயும் குப்பையைவிட இது நல்ல உரம். வறட்டி தட்டி எரித்தாலோ நெருப்பு மட்டும்தான் மிச்சம், உரம் போய்விடும். கலன் கட்ட ஆரம்பச் செலவு உண்டு. மானியம் உண்டா என்பதை வட்டார அலுவலகத்தில் விசாரித்து, மாடு தொடர்ந்து இருக்கும் என்ற உறுதி உள்ளவர்கள் மட்டும் கட்டுவது நல்லது. மாட்டை விற்றுவிட்டால் கலன் வெறும் தொட்டிதான்.

கலன் இல்லாத வீட்டிலும் எரிபொருளை மிச்சப்படுத்தலாம். பயறு, கொண்டைக்கடலை, சோளம், கம்பு ஆகியவற்றை முன்னிரவே ஊறவைக்க வேண்டும். பாத்திரத்தை மூடிச் சமைக்க வேண்டும். கொதி வந்தபின் தீயைக் குறைக்க வேண்டும். கொதிக்கும் நீரின் வெப்பம் தீயைக் கூட்டுவதால் கூடாது. நீர் வற்றுவதுதான் விரைவாகும்.

விளக்கும் மின்சாரமும்

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. சிறிய வீடுகள் இந்த எல்லைக்குள்ளேயே நிற்க முயல வேண்டும். 60 வாட் குண்டு பல்பு ஒன்று நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்தில் 18 யூனிட் ஆகும். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு மூன்று யூனிட்கூட ஆகாது. மூன்று விளக்கு மாற்றினால் ஏறக்குறைய 46 யூனிட் மிச்சம்.

விவசாய மின்சாரம் கட்டணமில்லை என்பதால் மோட்டாரை ஓடவிடுவது சிக்கனமில்லை. மின்சாரத்துக்குக் காசு இல்லை. ஆனால் வற்றிய ஆழ்குழாய்க் கிணற்றை மேலும் ஆழமாக்கும் செலவு பெரிது. பாறை நிலமான இப்பகுதியில் பல குடும்பங்களின் பெருங்கடன் போர் போட்டதில்தான் தொடங்கியது. சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு முழு மானியத்தில் சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துத் தருகிறது. மரவள்ளிக்கு அது மிகவும் ஏற்றது.

காசு கொடுக்காமல் கிடைக்கும் காவல்

பயிர்ச் செலவும் வீட்டுப் பணத்திலிருந்துதான் போகிறது. விதைக்கரணையை நல்லதாகத் தேர்ந்தெடுக்கப் பணம் வேண்டாம், கண் வேண்டும். தேமல் நோய் இல்லாத, எட்டு முதல் பத்து மாதமான செடிகளை நிற்கும்போதே அடையாளமிட்டுவைத்து, தண்டின் நடுப்பகுதியிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில், 8 முதல் 10 கணு உள்ள கரணைகளை வெட்டிக்கொள்ள வேண்டும். தேமல் பிடித்த செடியின் கரணையை நட்டால் நோயையே நட்டதாகும்.

மாவுப்பூச்சியின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. மரவள்ளியைத் தாக்கும் புதிய வகை மாவுப்பூச்சி 2020 ஆம் ஆண்டு கேரளத்தில் கண்டறியப்பட்டது. பின்னர் சேலம், நாமக்கல் வயல்களிலும் பரவிப் பெரும் சேதம் செய்தது. மருந்துக்கு மேல் மருந்து அடித்துப் பணம் இழந்தவர்கள் அநேகர். பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம், இந்தப் பூச்சியைக் கட்டுப்படுத்தும் 'அனாகைரஸ் லோபெசி' என்ற சிறு குளவியை 2021 இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. சோதனைகளுக்குப்பின், 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது. குளவி சம்பளம் கேட்பதில்லை. ஆனால் கண்டபடி மருந்து அடித்தால் பூச்சியைவிட முன்னதாகச் சாவது அதுதான். எனவே பூச்சியைக் கண்டவுடன் கடைக்கு ஓடாமல், தாக்கப்பட்ட நுனிகளைக் கிள்ளி அழித்து, ஆராய்ச்சி நிலையத்தின் யோசனையைக் கேட்பது பணத்துக்கும் நல்லது, பயிருக்கும் நல்லது.

மரவள்ளி இலையை ஆடு மாட்டுக்குச் செலவில்லாத் தீவனம் என்று பச்சையாகப் போட்டுவிடக் கூடாது. அதில் நச்சுத்தன்மை உண்டு. ஓர் ஆடு செத்தால் ஓர் ஆண்டுச் சிக்கனம் போய்விடும்.

பெரிய ஓட்டை: வட்டி

மேலே சொன்னவை எல்லாம் சிறு ஓட்டைகள். வட்டிதான் பெரிய ஓட்டை. 'மூணு வட்டி' என்றால் கேட்கச் சிறியதாக இருக்கிறது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். 20,000 ரூபாயைப் பத்து மாதம் வைத்திருந்தால் வட்டி மட்டும் 6,000 ரூபாய். இதே தொகைக்கு 7 சதவீத வட்டியில் பயிர்க்கடன் என்றால் பத்து மாத வட்டி சுமார் 1,170 ரூபாய். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தவணை தவறாமல் கட்டுகிறவர்களுக்கு அந்த வட்டியும் இல்லை, அரசே ஏற்கிறது. தவணை தேதியை வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவைக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் சலுகை போய்விடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கிசான் கடன் அட்டையில் கடன் அளவைக் கணக்கிடும்போது, பயிர்ச் செலவோடு 10 சதவீதத் தொகையை வீட்டுச் செலவு, அறுவடைக்குப் பிந்தைய செலவு ஆகியவற்றுக்கெனச் சேர்த்துக் கணக்கிடும் முறை இருக்கிறது. ஆனி மாதத் தேவைக்குத் தாலிக்கொடியை அடகுக் கடைக்கு எடுத்துப் போகுமுன், இந்த அட்டையில் எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கிக் கிளையில் கேட்பது நல்லது. கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றை 2003 ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சேர்த்த காசு எங்கே இருக்க வேண்டும்?

வீட்டில் மிஞ்சிய காசு வீட்டிலேயே இருந்தால் நிற்காது. இதற்கு இந்த மாவட்டப் பெண்களே வழிகாட்டியிருக்கிறார்கள். சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989 இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1991-92 இல் அத்திட்டம் சேலம் மாவட்டத்துக்கும் விரிவாக்கப்பட்டது. நாமக்கல் அப்போது சேலத்தோடு சேர்ந்திருந்தது. 1997 ஜனவரி 1 அன்றுதான் தனி மாவட்டம் ஆயிற்று. ஆகவே தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுவை முதலில் கண்ட பகுதிகளில் இதுவும் ஒன்று.

குழுவின் தத்துவம் எளியது. ஒவ்வொருவரும் வாரமோ மாதமோ ஒரே சிறு தொகையைச் சேமிக்கிறார்கள். தேவைப்பட்டவர் அதிலிருந்து கடன் பெறுகிறார். அவர் கட்டும் வட்டி குழுவுக்கே திரும்பி வருகிறது. கடைக்காரருக்குப் போக வேண்டிய வட்டி, சேமித்தவர்களின் பணமாகிறது. குழுவில் சேராதவர்கள் அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கலாம். மாதம் 100 ரூபாயிலிருந்தே கட்டலாம். ஏலச்சீட்டில் சேர்கிறவர்கள், அது பதிவு செய்யப்பட்டதா என்று பார்த்துச் சேர வேண்டும். அதிக வட்டி தருவதாகச் சொல்லும் இடத்தில் முதலுக்கே ஆபத்து உண்டு.

எதில் சிக்கனம் கூடாது?

சில செலவுகளைக் குறைப்பது பின்னால் பெருஞ்செலவாகிவிடும். வீட்டில் கறக்கும் பால் முழுவதையும் சங்கத்துக்கு ஊற்றிவிட்டுக் குழந்தைகளுக்கு வரக்காப்பி கொடுப்பது சிக்கனமன்று. முதலில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தை ஊற்ற வேண்டும். நாமக்கல்லில் விளையும் முட்டை நாடெங்கும் போகிறது. அந்த முட்டை உள்ளூர்ப் பிள்ளைகளின் தட்டிலும் இருக்க வேண்டும். மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, பயிர்க் காப்பீட்டுத் தவணை, மாட்டுக்குத் தடுப்பூசி ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.

நினைவில் கொள்ள

1. ஒரு மாதம் விடாமல் வரவு செலவு எழுதவும்.
2. நிலத்தில் விளையக்கூடியதைக் கடையில் வாங்குவதைப் படிப்படியாக நிறுத்தவும்.
3. மரவள்ளியின் முதல் இரண்டு மாதத்தில் ஊடுபயிர் எடுக்கவும்.
4. ஆண்டுக்கு வேண்டிய கடலையையும் பயறையும் விற்குமுன் ஒதுக்கவும்.
5. கூட்டுறவுக் கடனைத் தவணை தேதிக்குள் கட்டவும்.
6. மிஞ்சிய காசை வாரந்தோறும் குழுவிலோ அஞ்சலகத்திலோ செலுத்தவும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. இந்த மாதம் நோட்டு, அடுத்த மாதம் காய்கறிப் பாத்தி, அடுத்த நடவில் ஊடுபயிர் என்று ஒவ்வொன்றாகச் செய்தால் போதும். சேலம் மாவட்டத்தில் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையமும், நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையமும் இவை பற்றிப் பயிற்சி அளிக்கின்றன.

ஆனி மாதத்தில் வியாபாரி வாசலில் வந்து நிற்கும்போது, "கிழங்கு இன்னும் முற்றவில்லை, புரட்டாசியில் வாருங்கள்" என்று சொல்லக்கூடிய நிலையில் குடும்பம் இருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கான பலம், கார்த்திகையிலிருந்து நாள்தோறும் வீட்டில் மிஞ்சிய காசில் இருக்கிறது.